சீனி வேண்டாம் என்னும் சொல்

2017ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கூறிய கணக்கு நம்மைச் சுட்டது: 60 வயதைக் கடந்த சிங்கப்பூர் இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு. மரபும் உணவும் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், சீனியை மறுக்கும் சொல் எங்கே எளிதாக வருகிறது என்பதையும் நாம் ஆராய வேண்டும்.

2022 டிசம்பர் 30 முதல் அடைக்கப்பட்ட பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு வந்தது. தேக்கா நிலையத்தில் 'தே ஓ கொசோங்' என்றால் போதும். பாலும் சீனியும் இல்லாத தேநீர் வந்துவிடும். கொசோங் என்பது 'வெறுமை' எனப் பொருள்படும் மலாய்ச் சொல். கடைக்காரர் காரணம் கேட்பதில்லை. உறவினர் வீட்டிலோ, "ஏன், உடம்புக்கு என்ன?" என்று வீடே கேட்கிறது. கேட்பது அன்பினால்தான். ஆனால், நோயை வெளியே சொல்ல விரும்பாதவர் இனிப்பைக் குடித்துவிடுகிறார்.