காதில் சீழ் எங்கிருந்து வருகிறது?



குழந்தைக்குக் காதில் சீழ் வடிந்தால் நம் மக்கள் சொல்லும் காரணங்கள் பல. குளிக்கையில் தண்ணீர் போய்விட்டது என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். வெள்ளித் தகட்டில் காது செய்து உண்டியலில் போடுவாரும் உண்டு. வெள்ளிக் காதுக்குச் சீழ் பிடிக்காதென்பது மட்டும் உண்மைதான்!

சளியோடு வரும் காதுவலி மூக்கின் பக்கத்திலிருந்து வருவதாகும். செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறு அறை ஒன்றிருக்கிறது. நடுக்காது என்பது அதுவே. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் செல்லுகிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் சரிவு குறைந்தும் இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைபடுகிறது. அறையில் நீர் தேங்கி, கிருமி பெருகிச் சீழாகிப் பறையை அழுத்துகிறது. குழந்தை இரவெல்லாம் கதறுவது அதனால்தான். பறை கிழிந்து சீழ் வெளிவந்ததும் வலி தணியும். உடனே, முந்தின நாள் எண்ணெய் காய்ச்சி விட்ட பாட்டிக்கும் விபூதி போட்டவருக்கும் பெருமை போய்விடுகிறது! பறை கிழியாமலே பல குழந்தைகளுக்கு 2, 3 நாளில் தானே தணிவதுமுண்டு. ஆதலால் எவர் எதைச் செய்தாலும் பலித்ததாகவே தோன்றும்.

வலிக்கு எடைக்குத் தக்க அளவு பாரசிட்டமால் போதும். கைக்குழந்தையானாலும், கடுங்காய்ச்சல் இருந்தாலும், சீழ் வடிந்தாலும் டாக்டர் பார்த்து அமாக்சிசிலின் போன்ற மருந்து கொடுப்பார். அதை அவர் சொன்ன நாள்வரை கொடுக்கவேண்டும். காதில் எண்ணெயோ பாலோ விடவே கூடாது. பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே உள்ளே போய்விடும்.

இதைவிடக் கேடானது, "கெட்ட நீர் வெளியேறுகிறது, அடைக்கக்கூடாது" என்று வருஷக்கணக்காய் ஒழுகவிடுவது. 2 வாரத்துக்குமேல் வடிந்தால் அது வேறு நோயாகிவிட்டது. உள்ளேயுள்ள சிற்றெலும்புகளும் அரிக்கப்படலாம். கேள்வி குறையும். வாத்தியார் சொல்லுவது காதில் விழாத பிள்ளைக்கு மந்தபுத்தி என்று பேர் வைத்து, தலையெழுத்து என்று மாடு மேய்க்க அனுப்பிவிட்டால் அது யார் எழுதிய எழுத்து என்று நாம் கேட்கிறோம். சுத்தமான துணியைத் திரியாய்ச் சுருட்டிச் சீழை ஒற்றியெடுத்து, டாக்டர் தரும் சொட்டுமருந்தை விட்டுவந்தால் பெரும்பாலும் காது காயும். ஓட்டை மூடாவிட்டால் ஆபரேஷன் செய்து மூடலாம்.

காதுக்குப் பின்னால் வீங்கினாலும், தலைவலியோடு வாந்தி வந்தாலும், முகம் ஒருபுறம் கோணினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். நடுக்காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு ஒன்றுதான்.