ஒரு விரலை உயர்த்துவோம்

(நூற்றாண்டு விழாவை ஒட்டி நடந்த நலவாழ்வு அமர்வில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வகுப்பில் ஒரு விரலை உயர்த்தி, “ரீச்சர், வெளியில போகலாமா?” என்று கேட்ட காலம் நினைவிருக்கிறதா? அன்று நாற்பது பேருக்கு முன்னால் கேட்ட நாங்கள், எழுபது வயதில் வைத்தியரிடம் தனியே இருக்கும்போதும் அதைச் சொல்ல வெட்கப்படுகிறோம்.

என் பெரியம்மா இரவில் நான்கு தடவை சலம் கழிக்க எழும்புவார். ஒருவருக்கும் சொல்லவில்லை. தானே ஒரு வழி கண்டார். பின்னேரம் தொடக்கம் தண்ணீர் குடிப்பதை விட்டார். பிறகு பகலிலும் குறைத்தார். இரவுச் சாப்பாடு இரண்டு பிஸ்கற் ஆனது. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவது நின்றது. மெலிந்தார், பேச்சுக் குறைந்தது. “வயது போனால் இப்படித்தான்” என்று இருந்துவிட்டோம். ஒருநாள் இருட்டில் விழுந்து தொடையெலும்பு முறிந்த பிறகே எல்லாம் தெரிய வந்தது. வீட்டில் வைத்தியராக நான் இருந்தும் கேட்கவில்லையே என்பது இன்றும் எனக்கு உறுத்தல்.

வயது போகும்போது, இரவில் சலத்தைக் குறைக்கும் ஹோர்மோனின் வேலை தளர்கிறது. பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் சேர்ந்து சலமாக வெளியேறுகிறது. ஆகவே ஒரு தடவை எழும்புவது பெரிய காரியமல்ல. இரண்டு, மூன்று தடவை என்றால் காரணம் தேட வேண்டும். நீரிழிவு, சலத்தில் கிருமித் தொற்று, இதய பலவீனம், குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் நித்திரை நோய், சில மாத்திரைகள் ஆகிய எதுவும் காரணமாகலாம்.

தண்ணீரைக் குறைப்பது மருந்தல்ல. அதனால் மலச்சிக்கல், தலைச்சுற்று, சிலருக்கு மனக்குழப்பமும் வரும். வைத்தியர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாவிட்டால், காலையிலும் மத்தியானத்திலும் தாராளமாகக் குடியுங்கள். படுக்க இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு முன் குறையுங்கள். தேநீரும் கோப்பியும் பின்னேரத்தோடு போதும். உப்புக் கூடினாலும் இரவில் சலம் கூடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் வேண்டாம். ஆனால் இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். இடியப்பத்தோடு ஒரு முட்டையோ, பிட்டோடு மீனோ பருப்போ இருந்தால் தசையைக் காக்க உதவும். தசை இருந்தால் விழுவதும் குறையும்.

பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலை உயர்த்தி வைத்திருங்கள். கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை சிறு வெளிச்சம் எரியட்டும். மூன்று நாளைக்கு, குடித்த நேரத்தையும் போன நேரத்தையும் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

நித்திரை குழம்பினால் மனம் சோரும். மனம் சோர்ந்தால் நித்திரை வராது, பசியும் எடுக்காது. கனடாவிலோ லண்டனிலோ தனி அறையில் இருக்கும் தோழிக்கும் இதே கதைதான். ரெலிபோனில் “சுகமா?” என்று கேட்டால் “சுகம்” என்றுதான் சொல்லுவார். “இரவு எத்தனை தரம் எழும்புகிறாய்? என்ன சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள்.

நான் கேட்கத் தவறினேன். நீங்கள் தவறாதீர்கள்.