பிள்ளையின் தொண்டையும் நமது நாட்கூலியும்
(நாவிதன்வெளி குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் இடத்தில் பிள்ளைகளின் தொண்டையைப் பற்றி ஏன் பேசுகிறோம்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்க்கு அன்றைய கூலி போகிறது. 'டொன்சில் வெட்ட வேண்டும்' என்று யாரோ சொன்னால் தோடு அடகுக்குப் போகிறது. அதனால்தான்.

டொன்சில் என்பது உண்ணாக்கு அல்ல. தொண்டையின் இரு பக்கமும் உள்ள சதை. சின்ன வயதில் பெருத்திருக்கும், வளர வளரச் சுருங்கும். பெருத்திருக்கிறது என்பதற்காக மட்டும் வெட்டத் தேவையில்லை.

1930களில் நியூயோர்க்கில் 11 வயதுப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே வெட்டியாயிற்று. மிச்சம் 389 பேரில் 174 பேருக்கு வெட்டச் சொன்னார்கள் வைத்தியர்கள். தேவையில்லை என்று விட்ட 215 பேரை வேறு வைத்தியர்களிடம் காட்டியபோது, அதிலும் 99 பேருக்கு வெட்டச் சொன்னார்கள்!

இன்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. கடுமையான தொண்டை நோவு ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது 2 வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 5 தடவை, அல்லது 3 வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 3 தடவை வந்தால் சத்திரசிகிச்சை பற்றி யோசிப்பார்கள். கூலி போகுமென்று வைத்தியரிடம் போகாவிட்டால் இதற்குச் சாட்சி இருக்காது. ஒவ்வொரு தடவையும் காட்டி, திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

பிள்ளை இரவில் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று திணறினால் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே காட்டுங்கள்.

மருந்துக் கடையில் நாமே அன்டிபயோடிக் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். பெரும்பாலான தொண்டை நோவு வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்து வேலை செய்யாது. வைத்தியர் தந்தால் முழுவதையும் கொடுத்து முடியுங்கள். சில கிருமிகளின் தொண்டை நோவை அப்படியே விட்டால் வாதக்காய்ச்சல் வந்து இருதய வால்வைக் கெடுத்துவிடும்.

கடன் படுமுன் கல்முனையிலுள்ள அரச வைத்தியசாலைகளில் கேளுங்கள். அங்கே சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காத்திருக்க வேண்டி வரலாம்.

நமது அங்கத்தவர் ஒருவர், மகனுக்கு வெட்டி ஆறாம் நாள், பிள்ளை சுகம் என்று வேலைக்குப் போய்விட்டார். அன்று பின்னேரம் பிள்ளையின் வாயில் இரத்தம். பக்கத்து வீட்டு உம்மா தூக்கிக்கொண்டு ஓடியதால் தப்பினான். முதல் 24 மணி நேரமும், பொருக்கு உதிரும் 5 முதல் 10 நாள் வரையும்தான் இந்த ஆபத்து அதிகம். இரத்தம் கண்டாலோ, பிள்ளை அடிக்கடி விழுங்கினாலோ 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். தண்ணீரும் ஆறிய கஞ்சியும் நிறையக் கொடுங்கள்.

அந்தப் பத்து நாளும் தாயோ தகப்பனோ பிள்ளையோடு இருக்க வேண்டும். அதற்காக அவர்களை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது, கூலியையும் வெட்டக் கூடாது. இது நமது கோரிக்கை. அது கிடைக்கும்வரை, ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை என்றால் மற்ற வீடுகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம்.