வைரஸுக்குத் தீட்டு தெரியாது



நான் வைரஸ்களின் பரிணாமம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி. என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

2020இல் ஊரடங்கு தொடங்கியதும், நம் முன்னோர் தீண்டாமையைக் கடைப்பிடித்ததே நோய் பரவாமல் இருக்கத்தான் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. அதை எனக்கு அனுப்பியவர், என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்தவர். அன்று நான் பதில் எழுதவில்லை. இன்று சொல்கிறேன்.

கொரோனா வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்டது. நம் செல்லுக்குள் நுழைந்ததும் அது தன்னை நகலெடுக்கத் தொடங்குகிறது. எழுதும்போது பிழை விழுகிறது. இந்த வைரஸிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு. அப்படியிருந்தும், ஆளிலிருந்து ஆளுக்குத் தாவிச் செல்லும் சங்கிலியில் மாதத்திற்குச் சுமார் இரண்டு பிழைகள் நிலைத்துவிடுகின்றன. இதைத்தான் பிறழ்வு என்கிறோம்.

பெரும்பாலான பிறழ்வுகளால் வைரஸுக்கு லாபமில்லை. சில அதையே அழித்துவிடும். அபூர்வமாக ஒன்று பலிக்கும். 2020 தொடக்கத்தில் ஸ்பைக் புரதத்தின் 614ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிய வகை, சில மாதங்களில் உலகெங்கும் பெரும்பான்மையானது. வைரஸ் எதையும் திட்டமிடுவதில்லை. தொற்று கூடினால் நகல் கூடும், நகல் கூடினால் பிழை கூடும், பிழை கூடினால் அதில் ஒன்று பலிக்கும் வாய்ப்பும் கூடும். கணக்கு அவ்வளவுதான்.

அப்படியானால், நகலெடுக்க அதற்கு இடம் கொடுப்பது யார்?

2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் இரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோனதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். ஒரே நகரம், ஒரே வைரஸ். நெருக்கடியான வீடுகளும் பொதுக் கழிப்பறையும்தான் அங்கே தொற்றைப் பெருக்கின. அங்கே வாழ்பவர்கள் யார், ஏன் அங்கே வாழ்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடனே சிலர், சேரிதான் புதுத் திரிபுகளை உருவாக்குகிறது என்று கதையைத் திருப்புவார்கள். பிறழ்வு மாடிவீட்டு உடலிலும் நேரும். டெல்டா முதலில் இந்தியாவில் கண்டறியப்பட்டதால் அதற்கு நம் நாட்டின் பெயரையே வைத்து அழைத்தார்கள். இப்படி இடங்களின் மீது பழி விழக்கூடாது என்றுதான் 2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் திரிபுகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரான் பற்றி உலகை எச்சரித்தார்கள். அவர்கள் நாட்டுக்குக் கிடைத்த பரிசு பயணத் தடை.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். நோய்க்கால இடைவெளி இரண்டு பக்கத்துக்கும் பொது. நீயும் விலகு, நானும் விலகுகிறேன். தொற்று போனால் இடைவெளியும் போய்விடும். சாதி வைக்கும் இடைவெளி பிறப்பில் தொடங்குகிறது, ஒரு பக்கத்தை மட்டுமே தள்ளி நிறுத்துகிறது, எந்த நாளிலும் முடிவதில்லை.

அந்த ஆண்டு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அம்மாவை வாசலைத் தாண்ட விடவில்லை. ஆனால் அவர்கள் கழற்றிய முகக்கவசங்கள் தினமும் அம்மாவின் வெறுங்கைக்கு வந்தன. ஒப்பந்ததாரரிடம் கையுறை கேட்டால், அடுத்த வாரம் என்றார். ஜூனில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கே தொற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. சம்பளம் போகுமே என்று இரண்டு நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போனார் என்பது மட்டும் தெரியும். எங்கள் வீடு ஒற்றை அறை. நான்கு பேருக்கும் வந்தது. அம்மா பிழைத்தார். அவரோடு வண்டி தள்ளிய அக்கா பிழைக்கவில்லை.

தீண்டாமை அந்தச் சங்கிலியை அறுக்கவில்லை. அதற்குப் புதிய கண்ணிகளைச் சேர்த்தது. கையுறை, சம்பளத்தோடு நோய் விடுப்பு, காற்று வரும் வீடு, வீட்டுக்கொரு கழிப்பறை ஆகியவை இருந்திருந்தால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கும். இவற்றைச் சலுகையாகக் கேட்காதீர்கள். அடுத்த வைரஸ் வருவதற்குள் வாங்கியே தீர வேண்டிய உரிமையாகக் கேளுங்கள்.

ஜெய்பீம்.