முற்றம் புதுக்குதல்



பாழ்பட்ட முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடிவிடுதல் எளிது, இருளோ நிலைத்துவிடும். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறுவீடுகளை ஓரில்லமாக்கிய கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, சிறுமுற்றங்கள் வழியே வானொளியை உள்ளே கொணர்ந்தார். பொழுது சாயுமுன் உண்ணும் சமண இல்லத்திற்கு அவ்வொளி அணியன்று, தேவை. நீர் தேங்கினால் சிற்றுயிர் பெருகி மிதிபடும். எனவே தளம் சாய்வாக அமைந்து, நீர் உடனே வடிதல் வேண்டும்.

பணியின் பின்பாதியே பெரிதும் மறக்கப்படுகிறது. ஆயக்குடிக்கு அணித்தான பழனியின் மேற்கேயுள்ள ஐவர்மலையில், சகம் 792இல், அதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவப் படாரரையும் இயக்கியரையும் புதுக்கினார். அத்தோடு அமையாது, முட்டாத வழிபாட்டிற்கும் ஓர் அடிகளின் சோற்றிற்கும் 505 காணம் பொன் வைத்தார். நம் முற்றத் திருப்பணிக் கணக்கிலோ, ஆண்டுதோறும் துப்புரவு செய்வதற்கென ஒரு வரியும் இல்லை.