கேளாத கேள்வியும் சொல்லாத சொல்லும்

(விழாவின் மாலை அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையின் பொருள் பழைய கார். விழா மேடைக்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். மண்டபத்தின் வெளியே வரிசையாக நிற்கும் வண்டிகளைச் சற்றே எண்ணிப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கிவிடும். அவற்றுள் பல, வேறொருவர் ஓட்டிய பிறகு வாங்கப்பட்டவை. வீட்டுக்கும் நிலத்துக்கும் அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் ஒரே நாளில் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள் அதுவே. ஆயினும் நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கும் குடும்பம், பெண் பார்க்கப் போகுமுன் நான்கு ஊரில் விசாரிக்கும் குடும்பம், வண்டியை மட்டும் ஒரு குவளைக் காப்பி ஆறுவதற்குள் வாங்கிவிடுகிறது.

ஆரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நிலமும் நெல்லுமாய் வாழ்ந்துவரும் ஒரு தம்பதியர். மகனுக்குச் சென்னையில் வேலை. தாய்க்கு இரண்டு திங்களுக்கு ஒருமுறை வேலூரில் மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. பேருந்தில் ஏறி இறங்க முழங்கால் இடங்கொடுக்கவில்லை. ஆகவே மகன் 2,60,000 ரூபாய் கொடுத்து, ஒன்பது ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கித் தந்தான். விற்றவர் அயலார் அல்லர். தாயின் சிற்றன்னை மகன், தம்பி முறை. ‘ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய்க் காட்டலாமா’ என்று மகன் கேட்டபோது தந்தை சினந்தார். ‘நம்ம வீட்டுப் பிள்ளையோட வண்டி. ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சோதிச்சா அவன் என்ன நினைப்பான்?’ என்றார். நல்ல நாள் பார்த்து வண்டி வீட்டுக்கு வந்தது. வெளிப்பூச்சு பளபளத்தது, டிக்கியில் புத்தம்புதிய விரிப்பு.

வேலூர் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் தாய்க்குத் தலை வலித்தது. வெயில் என்றார்கள், மாத்திரையின் வேகம் என்றார்கள். பின்னிருக்கையில் அமர்பவர் அவர் ஒருவரே என்பதும், கண்ணாடியை இறக்கிவிட்டால் வலி தணிகிறது என்பதும் எவருக்கும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிறகு வண்டியும் தன் நோயைக் காட்டத் தொடங்கியது. காலையில் எளிதில் கிளம்பவில்லை; மேட்டில் இழுவை குறைந்தது. ஆரணியில் ஒரு பட்டறையில் விட்டார்கள்.

மெக்கானிக் முதலில் எஞ்சினைப் பார்த்தார். காற்று உட்செல்லும் குழாயில், அங்கே இருக்க வேண்டாத ஒரு துளை. அதைத் திருகாணி கொண்டு அடைத்திருந்தது. உடனே அவர் பின்னால் சென்று டிக்கி விரிப்பைத் தூக்கினார். தகட்டில் நான்கு போல்ட் துளைகள், ஓரமெல்லாம் துரு. நடுவே குழாய் போகும் அளவுக்குப் பெரிய ஐந்தாவது துளை. ஓட்டுநர் முன்னுள்ள பலகையின் அடியில் வெட்டி ஒட்டிய ஒயர்கள். சுவிட்சு இருந்த சதுரத் துளையின்மேல் ஒரு சாமி ஸ்டிக்கர்.

‘இது கேஸ்ல ஓடின வண்டிங்க ஐயா. கிட்டைக் கழட்டிட்டு வித்திருக்காங்க’ என்றார்.

எரிவாயுவில் ஓடியது தன்னளவில் குற்றமன்று. அங்கீகரிக்கப்பட்ட கிட் ஒன்றைப் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் எரிபொருளை மாற்றிக் குறித்துக்கொள்ள 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. இந்த வண்டியின் ஆர்.சி.யிலோ பெட்ரோல் என்று மட்டுமே இருந்தது. அதாவது நான்கு ஆண்டுக் காலம் பதிவில்லாத கிட்டில் ஓடிய வண்டி. உலர்ந்த எரிவாயுவில் பல ஆண்டு ஓடினால், அதற்கென அமைக்கப்படாத எஞ்சினில் வால்வு அமரும் இடம் தேயும், அழுத்தம் குறையும், இழுவை போகும். அது பணச் செலவோடு தீரும் குறை. டிக்கித் துளைகளோ வேறு வகை. சைலன்சரிலிருந்து வெளியேறும் புகை, வண்டி ஓடும்போது பின்புறம் சுழன்று அத்துளைகளின் வழியே உள்ளே புகுந்திருக்கிறது. அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலிதான் அதன் முதல் அறிவிப்பு. ஒரு குளிர்காலத்து இரவில் கண்ணாடிகளை முழுதும் ஏற்றிக்கொண்டு நெடுவழி சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த மெக்கானிக் சொல்லவில்லை, தந்தையும் கேட்கவில்லை.

சரிசெய்ய 41,000 ரூபாய் ஆயிற்று. அன்றிரவு தந்தை தொலைபேசியில் கேட்டார்: ‘ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?’

‘நீங்க கேக்கலியே மாமா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.’

இந்த மறுமொழியைக் கேட்டுச் சினம் கொள்வது எளிது. ஆனால் இதற்குள் ஒரு பழைய வழக்காடல் அடங்கியிருக்கிறது. பொருளைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பது வணிகச் சட்டத்தின் தொன்மையான கொள்கை. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதிலிருந்தே தொடங்கி, பிறகு விலக்குகளைக் கூறுகிறது. இதனினும் நுட்பமானது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். மோசடி என்றால் என்ன என்று வரையறுக்கும் அதன் 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. அதை விளக்க அச்சட்டம் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒரு குதிரை. அக்காலத்துக் கார் என்றே கொள்ளலாம்.

ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான். நோய் இருப்பது அவனுக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. இது மோசடியன்று என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவள் அவனுடைய மகள், அப்போதுதான் உரிய வயதடைந்தவள் என்றால், அந்த உறவே அவனைப் பேசக் கடமைப்படுத்துகிறது. மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் அழகானது. வாங்குபவன் கேட்கிறான்: ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே கொள்வேன்.’ விற்பவன் பேசாதிருக்கிறான். இங்கே பேசாமை பேச்சுக்கு நிகராகிவிடுகிறது.

ஆக, மௌனத்தைப் பொய்யாக மாற்றும் ஆற்றல் கேள்விக்கு உண்டு. கேட்டவனிடம் விற்பவனின் மௌனமே சான்றாகிவிடும். கேளாதவனுக்கு அந்தச் சான்று இல்லை. அடுத்து வரும் 19ஆம் பிரிவு வாங்குபவரை இன்னும் நெருக்குகிறது. மௌனத்தால் விளைந்த ஏமாற்றமாயினும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலை இருக்குமானால், ஒப்பந்தத்தைத் தள்ளிவிடும் உரிமை அவருக்கு இல்லை. டிக்கி விரிப்பைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம்.

ஆயினும் விற்ற தம்பி முழுவதும் தப்பிவிடவில்லை. தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது, மௌனம் என்ற தலைப்பில் அடங்காது. அது நேரே மோசடி. உறவினர் மூத்தவர் ஒருவர் இரு குடும்பத்தாரையும் அமரவைத்துக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ‘விரிப்பை எப்ப மாத்தினே?’ விற்பதற்கு ஒரு வாரம் முன்பு. அழகுக்காக மாற்றினாரா, துளையை மறைக்க மாற்றினாரா என்பது அவர் நெஞ்சம் அறிந்தது. அவர் தலைகுனிந்திருந்தார், பிறகு செலவில் பாதியைத் தர ஒப்புக்கொண்டார். தம்பியின் உறவு அறுந்துவிடக்கூடாது என்று தாய் அத்தோடு முடித்துவைத்தார். தலைவலி பட்டவர் அவர்; மன்னிக்கும் உரிமையும் அவருக்கே இருந்தது.

உறவினரிடம் வாங்கும்போது கேள்வி கேட்பது அவமதிப்பு என்ற எண்ணம் சிறிய சமூகங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. உண்மையில், கேளாமல் வாங்கிப் பின்னர் மனங்கசந்து, மணவீட்டில் முகங்கொடுத்துப் பேசாமல் திரிவதே பெரிய அவமதிப்பு. கேட்பவர், விற்பவருக்கு மெய் சொல்ல ஒரு வாய்ப்பைத் தருகிறார்.

கேட்க வேண்டியவை மிகுதியுமல்ல. எரிவாயு கிட் எப்போதேனும் பொருத்தப்பட்டதா? எஞ்சின் மாற்றப்பட்டதா? விபத்தில் சிக்கியதா, வெள்ளத்தில் நின்றதா? 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ கார்கள் கூரையளவு நீரில் கிடந்ததை எவரும் மறந்திரார். இக்கேள்விகளை வாய்மொழியோடு விடாமல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பிவிடுவது நலம். குதிரைக்காரனிடம் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இது இக்காலத்து வடிவம்.

கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. இருக்கைப் பட்டையை முழுதும் வெளியே இழுத்தால், வெள்ளம் கண்ட வண்டியில் உள்மடிப்பில் சேற்றுக் கறை தெரியும். கதவோரத்து ரப்பரை மெல்ல விலக்கினால், தொழிற்சாலையில் வைத்த வட்ட வட்டமான பற்றுப்புள்ளிகள் வரிசையாக இருக்க வேண்டும். அவ்விடம் வழவழப்பாக இருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. மிகப் பெரிய டயர், கண்கூசும் விளக்கு, இடிபோல் முழங்கும் சைலன்சர் ஆகியவற்றை இளைஞர்கள் விரும்புகிறார்கள். டயரின் விட்டம் மாறினால் வேகமானியும் ஓடிய தொலைவுக் கணக்கும் பிழைபடும் என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். முன்புறத்து இரும்புத் தடுப்பைப் பொருத்தக்கூடாதென 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடுத்தது. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்றும் அதே நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. மாற்றியவர் முந்தையவராக இருக்கலாம். சாலையில் நிறுத்தி முதலில் கேட்கப்படுபவர் இப்போது ஓட்டுபவரே.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடாமல் பணம் எண்ணலாகாது. இந்த ஒரு செயல் வெறும் முன்னெச்சரிக்கை மட்டுமன்று. தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. போலியை நற்பொருள்போல் வழங்குவது அவற்றுள் ஒன்று. களவில் வந்ததை வாங்குவது மற்றொன்று. விற்பவரைத் தடுத்த கையோடு வாங்குபவரையும் அந்நூல் தடுக்கிறது.

பணம் கைமாறியபின் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் பெருங்கேடு. விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரைச் சாரும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இன்சூரன்சையும் 14 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வாங்குபவர் விண்ணப்பிக்க வேண்டும். விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் செல்லலாம். உறவினரும் நண்பரும் அத்தகைய வணிகர் அல்லர். அங்கே உரிமையியல் நீதிமன்றமே வழி. தம்பிமேல் யார் வழக்கிடப் போகிறார்கள்?

ஆரணிப் பக்கத்துக் குடும்பத்தின் கதை இன்னும் முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மகன் வேறு கார் வாங்கித் தர, இதனை விற்க வேண்டியதாயிற்று. புரோக்கர் ஒருவர் வந்தார். துளைகளைத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. வால்வு வேலையும் முடிந்தது. வண்டி நன்றாகவே ஓடுகிறது. ‘இனி எதுக்கு ஐயா பழசைச் சொல்லணும்? சொன்னா விலை எறங்கும்’ என்றார் அவர். அச்சொல்லில் நியாயம் சிறிதும் இல்லை என்று கூறிவிட முடியாது. குறை தீர்ந்துவிட்டது, புகை வருவதில்லை. வாங்க வந்தவர் பக்கத்து ஊரில் பள்ளி வேன் ஓட்டும் ஒருவர். மனைவியும் இரு குழந்தைகளும் உடன் வந்திருந்தனர். வண்டியைச் சுற்றிவந்தார், ஓட்டிப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழந்தைகள் அதற்குள் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டன.

தந்தை உள்ளே சென்றார். பட்டறை ரசீதை எடுத்துவந்து, ஒரு முழுத்தாளில் தம் கையால் எழுதத் தொடங்கினார்: எரிவாயுவில் ஓடியது, கிட் கழற்றப்பட்டது, துளைகள் இருந்த இடம், பற்றவைத்த நாள், வால்வு வேலையின் செலவு. புரோக்கர் தலையில் கைவைத்துக்கொண்டார். வேன் ஓட்டுநர் தாளை இருமுறை படித்தார். டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பற்றவைத்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு 25,000 ரூபாய் குறைத்துக் கேட்டார். தந்தை 20,000 குறைத்தார். அத்தாளின் நகலில் இருவரும் கையெழுத்திட்டனர். படிவம் 29உம் 30உம் மறுநாளே அலுவலகத்துக்குச் சென்றன.