கொப்புளம் ஒன்றுபோல, கிருமி வேறு



பங்சாரை அடுத்த லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில்தான் 1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங் நிப்பா வைரசைக் கண்டறிந்தார். அதுவரை பன்றிப் பண்ணைகளில் பரவிய நோயை ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதி, கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் நடந்தன. நோய் அடங்குவதற்குள் நாட்டில் 105 உயிர்கள் போயின. அறிகுறி ஒன்றுபோல் இருந்தாலும் கிருமி வேறாக இருக்கலாம். இந்தப் பாடம் தோலில் எழும் கொப்புளத்துக்கும் பொருந்தும்.

இடுப்பில் ஒரு பக்கமாகக் கொத்துக் கொத்தாய்க் கொப்புளம் எழும்பி எரிந்தால் பெரியவர்கள் ‘அக்கி’ என்பார்கள். மலாய் மொழியில் ‘காயாப்’. சின்னம்மை வைரஸ்தான் இதற்குக் காரணம். அம்மை ஆறிய பிறகும் அது நரம்பு வேரில் பதுங்கியிருந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த வேளையிலோ மீண்டும் தலைதூக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். பெரும்பாலும் உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வரும். சில சமயம் இடுப்பிலும் பிட்டத்திலும் எழும்பி அக்கி போலவே தோன்றும். ஒரே இடத்தில் ‘அக்கி’ திரும்பத் திரும்ப வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. இரண்டுக்கும் அசைக்ளோவிர் கொடுப்பார்கள். ஆனால் அளவு வேறு. அக்கிக்குப் பொதுவாக 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, மற்றதற்குக் குறைவு. பிரசவத்தின்போது தாயின் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்றும் உண்டு. அக்கியின் மருத்துவப் பெயர் ‘ஹெர்ப்பிஸ் சோஸ்டர்’. சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துக் கணவன் மனைவிக்குள் வீண் சந்தேகம் வருவதுண்டு. அக்கி உடலுறவால் வரும் நோயல்ல.

அக்கி தெளிவாகத் தெரிந்தால் மருத்துவர் பார்த்தே சொல்லிவிடுவார். ஐயம் இருந்தால்தான் சோதனை. புதிய கொப்புளத்தைத் திறந்து அதன் அடிப்பகுதியைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். கோவிட் காலத்தில் எல்லாரும் அறிந்த பி.சி.ஆர். முறைதான் இதற்கும். எந்த வைரஸ் என்பதை அது பிரித்துச் சொல்லும். 1947-இல் வந்த சாங்க் சோதனை மலிவானது; ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்டாது. வைரசை வளர்த்துப் பார்க்கும் முறைக்கு நாளாகும். அக்கி வைரஸ் பல நேரம் வளர்வதே இல்லை. இரத்தப் பரிசோதனையோ பெரும்பாலும் பழைய தொற்றைத்தான் காட்டும்.

காவி பூசி அக்கி எழுதும் வழக்கம் தமிழரிடையே உண்டு. அந்த நம்பிக்கையில் நாளைக் கடத்தக் கூடாது. எதையும் பூசுவதற்கு முன்பே, 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் மருந்து நன்றாக வேலை செய்யும். மாதிரியும் சரியாகக் கிடைக்கும். மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ கொப்புளம் வந்தால் அன்றே போக வேண்டும், பார்வை போய்விடலாம். முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிடுவார்.

வெட்கப்பட்டு மறைப்பதால் நோய் தீராது. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பஞ்சுக்குச்சி போதும்.